கோவைத் தெருநாய்க் கூட்டமும் தடுப்பு முறைகளும்

கோவைத் தெருக்களில் நாய்க்கூட்டம் மக்களைத் துரத்துவதை இற்றைநாட் சிக்கலெனக் கருதுவார் உளர். அது பழைமையுடைத்து. வெறிநாய் கடித்த தென்னாட்டார் ஒருகாலத்து இமயச் சாரலிலுள்ள கசௌலிக்கே செல்ல வேண்டியிருந்தது. 1907-இல் குன்னூரில் பாசுடர் நிலையம் தோன்றியபின் கோவையார்க்கு மருந்து அணித்தாயிற்று. ஆயின் மருந்து கடியுண்டாரைக் காக்குமேயன்றிக் கூட்டத்தைக் குறைக்காது. நகராட்சிகள் நெடுங்காலம் கொன்று பார்த்தன. குப்பையில் உணவு கிடக்குமளவும், வெறுமையான தெருவில் அயல்நாய்கள் புகுதல் இயல்பு. இதனை அவை எண்ணிற்றில என்பது எம் கருத்து. சென்னை மாநகராட்சி 1996-இல் கொலையை விடுத்துக் கருத்தடையை மேற்கொண்டது; 2001-இல் நாடளாவிய விதிகள் வந்தன. கருத்தடை செய்து தடுப்பூசியிட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடுதல் அவற்றின் நெறி. 2025 ஆகஸ்டு 22-இல் உச்சநீதிமன்றம், வெறிநோயுற்றவற்றையும் மூர்க்கமானவற்றையும் அந்நெறிக்குப் புறம்பாக்கியது. மூர்க்கம் யாதென வரையறுத்தலே இனி அரிது: பகலில் தனித்து வாலாட்டும் நாயே இரவில் கூட்டத்தோடு துரத்துகின்றது.