ஆனந்தம் எந்த மொழியில்?

பதுளைக்கு அருகே, நமுனுகுலை மலைச்சாரலில், ஸ்பிரிங்வெலி என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. வசந்தப் பள்ளத்தாக்கு என்றோ ஊற்றுப் பள்ளத்தாக்கு என்றோ அதற்குப் பொருள் கொள்ளலாம். எவ்வாறாயினும் அது இயற்கையைக் கண்டு களித்தவன் எழுதிய சொல். அப்புத்தளைப் பக்கத்துக் கிளனனோரில் ஸ்கொத்லாந்தின் பள்ளத்தாக்கு இருக்கிறது. பண்டாரவளைப் பக்கத்துக் கிரேக்கில் அந்நாட்டுப் பாறை இருக்கிறது. வந்த மண்ணிலே தன் சொந்த மண்ணை நினைத்து மகிழ்ந்த துரைமார், அம்மகிழ்ச்சியை ஊவா மலைகளின் மேல் ஆங்கிலத்தில் எழுதிவைத்தனர்.

அம்மலைகளைத் திருத்தியவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சம் துரத்த வந்த உழைப்பாளிகள். 1869இல் மடுல்சீமையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபோது பட்டினி கிடந்தவர்களும், பின்னர் தேயிலையை நட்டவர்களும் அவர்களே. அவர்களிடமும் ஆங்கிலம் வந்து சேர்ந்தது. ஆனால், எந்த ஆங்கிலம்? குடியிருப்பு வரிசை 'லயம்' ஆயிற்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் 'பெரட்டுக்களம்' ஆயிற்று. வேலைப்பதிவேடு 'செக்ரோல்' ஆயிற்று. தொழிற்சாலை 'ஸ்டோர்' ஆயிற்று. ஒருநாள் உழைப்பே 'பேர்' எனப்பட்டது; கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'! ஏவலுக்கும் எண்ணிக்கைக்கும் உரிய ஆங்கிலம் லயத்துக்கு இறங்கிவந்தது. ஆனந்தத்துக்குரிய ஆங்கிலமோ பங்களாவிலேயே தங்கிவிட்டது.

அவ்வாறாயின் லயத்தில் மகிழ்ச்சியே இல்லையா? இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்திலும், தப்பின் முழக்கத்திலும், கும்மியிலும், தாலாட்டிலும் இருந்தது. அது தமிழில் இருந்தது; எழுதப்படாமல் இருந்தது.

இதை உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஊவாவுக்கு மேற்கே, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்த இவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. தேயிலைத் தோட்ட வாழ்வை உலகறிய ஆங்கிலத்தில் கவிதையாக்கிய அவரே, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தமிழில் தேடித் தொகுத்தார். ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை. தம் மக்களின் குரலை அதற்கு அடகுவைக்கவும் இல்லை.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. பெயர்ப்பலகைகளில் துரைமாரின் களிப்பு அழியாமல் நிற்கிறது. இன்றோ, லயத்திலிருந்து படித்து உயர்ந்த நம் மாணவர், பரீட்சையில் சித்தியடைந்த செய்தியைக் கூட ஆங்கில வியப்புச் சொற்களாலேயே எழுதுகின்றனர். துக்கத்துக்குத் தமிழ் போதும், மகிழ்ச்சிக்கு மட்டும் ஆங்கிலம் வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மகிழும் உரிமை பங்களாவுக்கே உரியது என்ற பழைய பாடத்தின் மிச்சமல்லவா அது?

ஆசிரியர்கள் ஆங்கிலத்தை நன்றாகவே கற்பிக்கட்டும். அத்துடன், பாட்டி எந்தச் சொல்லால் மகிழ்ந்தாள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரும்படியும் மாணவரிடம் சொல்லட்டும். செக்ரோலில் ஏறாத அந்தக் கணக்கு இனியாவது எழுத்தில் ஏற வேண்டும்.