எங்கள் வீட்டு டெலிகா வான் இலங்கைக்கு வந்த கதை

போன மாதம் தரம் 11 பிள்ளைகளுக்கு 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். இறக்குமதிக் கட்டுப்பாடு, தாராளமயம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு போனால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும் பாடம் அது. பின் வாங்கிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான்.

"சேர், உங்கட வான்ட பக்கத்துல போர் வீல் ட்ரைவ் எண்டு பெரிசா எழுதியிருக்கே. நம்மட ஊர் மட்டமான ஊர்தானே, அது என்னத்துக்கு சேர்?"

வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குரிய பதிலில் 1977உம் இருக்கிறது, நம் ஊரின் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது. வகுப்பில் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வான் ஏன் செய்யப்பட்டது என்பது. மிட்சுபிஷி கம்பனி டெலிகாவை 1968இல் தொடங்கியது. 'டெலிவரி கார்' என்பதைச் சுருக்கித்தான் டெலிகா என்று பெயர் வைத்தார்கள். அதாவது கடைக்குச் சாமான் ஏற்றும் வண்டி. 1979இல் இரண்டாவது வடிவம் வந்தது. நம் நாட்டில் எல் 300 என்று சொன்னால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். 1982இல் அதற்கு பஜெரோ ஜீப்பின் பாகங்களைப் பொருத்தி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார்கள். காரணம் பனி. ஹொக்கைடோ, நீகாட்டா போன்ற பகுதிகளில் மாதக்கணக்கில் வீதியில் பனி கிடக்கும். அதோடு எண்பதுகளில் ஜப்பானியர் கையில் காசு புரண்டது. குடும்பத்தோடு பனிச்சறுக்கு விளையாட மலைக்குப் போவது அங்கே பெரிய மோகமாகியது. டெலிகா அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. டொயோட்டாவும் லைட் ஏஸ், டவுன் ஏஸ், ஹை ஏஸ் எல்லாவற்றிலும் நாலு சக்கர இழுவை வைத்து விற்றது.

ஆகவே மகனே, அது பனிக்குச் செய்தது. நம் ஊருக்கு அல்ல.

அப்படியானால் இங்கே எப்படி வந்தது? ஜப்பானில் கார் வாங்கினால் மூன்று வருடத்தில் ஒரு பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கொரு பரிசோதனை. 'ஷாகென்' என்பார்கள். பரிசோதனைக் கட்டணம், வரி, காப்புறுதி, மாற்றவேண்டிய பாகங்கள் என்று கணக்குப் பார்த்தால் பழைய வாகனத்தை வைத்திருப்பதைவிட விற்றுவிட்டுப் புதியது எடுப்பது லாபம் போலத் தெரியும். நன்றாக ஓடக்கூடிய வண்டிகள் இப்படித்தான் ஏலத்துக்கு வந்தன. அங்கேயும் வீதியின் இடது பக்கம், வலது பக்க ஸ்டியரிங். நமக்கு ஒன்றையும் மாற்றவேண்டியதில்லை. இந்த ஏற்றுமதி வியாபாரத்தைப் பெரிதாக்கியவர்களில் ஜப்பானில் குடியேறிய பாகிஸ்தானியர்களுக்கு முக்கிய இடமுண்டு. நம்மவர்களும் பின்னாலேயே போனார்கள்.

1970 முதல் 1977 வரை இலங்கைக்கு வாகனம் வருவது மிக அரிது. அன்னியச் செலாவணி இல்லை என்று வாசல் பூட்டிக் கிடந்தது. ஊரில் ஒஸ்டினும் மொரிசும்தான். யாழ்ப்பாணப் பக்கம் பலகை அடித்த தட்டி வான் ஓடியது. 77இல் வாசல் திறந்ததும் ரீகண்டிஷன் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்தன. 1958இல் அரசுடைமையான பஸ் சேவைக்குள் தனியாரையும் விட்டார்கள். வான் சொந்தமாக இருந்தால் தொழில் இருக்கிறது என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதே காலத்தில்தான் நம் பகுதியிலிருந்து ஆட்கள் சவூதி, குவைத், கட்டார் என்று போகத் தொடங்கினார்கள். பாலைவனத்தில் உழைத்த காசு ஜப்பான் வானாக மாறி ஊர் வந்து சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நம் ஊர்களின் எண்பதுகளை விளங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் வாப்பாவும் அப்படித்தான். சவூதியில் ஒன்பது வருடம் ட்ரைவர். 1994இல் திரும்பி வந்து, கொழும்பில் ஒரு வாகன சேலில் 1989ஆம் வருடத்து டெலிகா ஸ்டார் வெகன் ஒன்றை எடுத்தார். எரிபொருள் மூடியின் உட்பக்கம் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அது டீசலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தடி. அதுதான் முன்சக்கர இழுவையைச் சேர்ப்பது. அடிப்பக்கம் மட்டும் துரு பிடித்திருந்தது. பனி உருக வீதியில் உப்புப் போடுவார்கள் என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியாது. உம்மா, "கடல்ல கிடந்த வண்டிய வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டா.

வான் கல்முனைக்கும் கொழும்புக்கும் ஹயர் ஓடியது. வெளிநாடு போகிறவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றுவது, வருகிறவர்களை இறக்குவது. மஹியங்கனைக்கு மேலே 18 வளைவு ஏறும்போது வெப்பமானி முள் மேலே போகும். டெலிகாவின் 4டி56 என்ஜின் முன் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. காற்றோட்டம் குறைவு. சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்பது அந்த என்ஜினை வைத்திருந்த எல்லோரும் அழுது சொல்லும் கதை. வாப்பாவும் ஒருமுறை அழுதார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து பழைய ஹெட் ஒன்று எடுத்துவந்தார். அந்தத் தெரு மட்டும் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதி வான்கள் எப்போதோ இரும்புக்குப் போயிருக்கும்.

அந்த வேலையின்போது ஊர் கராஜில் மெக்கானிக் ஒரு ஆலோசனை சொன்னார். "காக்கா, இந்த முன் ஷாப்ட் சும்மா சுத்துது. டீசலத்தான் குடிக்கும். கழட்டி வைங்க." அன்று பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஷாப்ட் கழற்றப்பட்டு எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கொட்டிலுக்குள் போனது. பக்கத்தில் எழுதியிருந்தது மட்டும் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் வான் என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயம். அந்தப் பிள்ளைகளுக்கு வான் என்றால் சுற்றுலா, ஸ்கூல் வான். எங்கள் வயதுக்காரருக்கு அப்படி இல்லை. ஜப்பானில் வேலைக்குப் பயன்படும் வான்கள் பெரும்பாலும் வெள்ளை நிறம். இங்கு வந்ததும் வெள்ளைதான். அந்த வெள்ளையே பிறகு ஒரு பயத்தின் பெயராகியது. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனால், போனவர் போனவர்தான். தெற்கிலும் வடக்குக் கிழக்கிலும் இன்றுவரை பதில் கிடைக்காத தாய்மார் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சொந்தமாக வாகனம் வைத்திருந்தவர்களும் அதை விட்டுவிட்டுக் கையில் எடுத்த பையோடு புத்தளம் வந்து சேர்ந்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் டெலிகாவையும் ஒரு சோதனைச் சாவடியில் சீற்றெல்லாம் கழற்றிப் பார்த்தார்கள். உம்மா வீதியோரம் வெயிலில் நின்றா. வாகன வரலாறு எழுதும்போது இதை விட்டுவிட்டு எஞ்சின் கதை மட்டும் சொல்வது சரியாகப் படவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் வரவில்லை. வாப்பா வானை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். வீதி எது, வளவு எது என்று தெரியவில்லை. எல்லாம் மணல், ஓடு, மரம், கட்டில். ஒரு சந்தியில் ஆறு பேரை ஏற்றினோம். நாலு பேருக்கு உயிர் இருந்தது. திருப்பும்போது பின்சக்கரம் மணலில் புதைந்தது. வாப்பா சின்னத் தடியை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை இழுத்தார். பின்சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் கீழே போனது. ஷாப்ட் கொட்டிலுக்குள் கிடப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தடியிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

இருபது பேர் வரை ஓடிவந்து தள்ளினார்கள். கதவுப் பலகைகளைச் சக்கரத்துக்குக் கீழே போட்டோம். வெளியே எடுக்க அரை மணித்தியாலம் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூன்று பேர். தாமதம் இல்லாவிட்டாலும் அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார் என்று டொக்டர் சொன்னார். வாப்பா அதை நம்பினாரா என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு கிழமைக்குள் ஷாப்டை மீண்டும் பூட்டினார். அதற்குப் பிறகு யார் டீசல் கணக்குச் சொன்னாலும் கேட்டதில்லை.

இனி வாங்குவது விற்பது பற்றி. 1999இல் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ டீசலுக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கினார். கரித்தூள் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைப் பத்திரிகையாளர் முன் குலுக்கிக் காட்டியவர் அவர். 2003 ஒக்டோபரிலிருந்து டோக்கியோவுக்குள்ளும் பக்கத்து மாகாணங்களுக்குள்ளும் புகை வரம்பு மீறிய டீசல் லொறி, பஸ் வரத் தடை. டீசல் வாகனப் பதிவுக்கும் பெருநகரங்களில் சட்டம் இறுகியது. அங்கே மூச்சுக்கு ஆகாது என்று தள்ளியவை நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்தன. அவர்கள் ஊரின் காற்று சுத்தமாகியது. மீதிப் புகையை நாம் சுவாசித்தோம். வாங்கிய நாமும் சந்தோசமாகத்தான் வாங்கினோம் என்பதையும் சொல்லவேண்டும்.

பிறகு நம் அரசாங்கங்களும் வயது வரம்பை வைத்தன. சில வருடங்களுக்கு மேல் பழையது என்றால் இறக்க முடியாது. வரி ஏறி ஏறி வாகன விலையையே விழுங்கியது. 2020இல் வாசல் மறுபடியும் பூட்டப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசை, பிறகு கியூஆர். வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது, ஆனால் வரியோடு பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்கு அது வேறு உலகம். வாசல் பூட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பழைய வானின் விலை கூடும். 36 வயது டெலிகாவை நாம் வைத்திருப்பது ஆசையில் மட்டுமல்ல.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் சட்டம் நேர் எதிர். அங்கே தங்கள் தரத்துக்குச் செய்யாத வாகனம் 25 வருடம் கடந்தால்தான் தடையின்றி இறக்கலாம். கனடாவில் 15 வருடம். ஆகவே நம் நாட்டில் பழசு என்று இறக்க விடாத டெலிகாவை அவர்கள் பழசாகும்வரை காத்திருந்து வாங்குகிறார்கள். மலையேற, முகாமிட. அங்கே அதற்கு மோகம். நமக்கு அது சோறு.

வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். புத்தகம் இன்னும் அவர் பெயரில். போன கிழமை ஒருவர் வந்து நல்ல விலை கேட்டார். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "முன் ஷாப்ட் இன்னும் இருக்கே, ஆச்சரியம்" என்றார். காக்கா விற்கலாம் என்கிறார், தங்கச்சியின் கல்யாணச் செலவு இருக்கிறது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் முடிவெடுக்கவில்லை.

அடுத்த கிழமை வானைப் பாடசாலை வளவுக்குக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைக்குச் சின்னத் தடியை இழுத்துக் காட்டப்போகிறோம். உங்கள் ஊருக்கு முதல் வந்த வான் எது, யார் கொண்டுவந்தார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள், வகுப்பில் காட்டலாம்.