காமாட்சி பாயி சாகேப்

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களில் இறுதியானவராகிய சிவாஜியின் ராணிமாருள் மூத்தவர். கணவரின் ஆஸ்தி முழுவதையும் கைப்பற்றிய கும்பினியார்மீது வியாஜ்யம் தொடுத்து, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வென்று, லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றவர். தஞ்சை அரசவை நர்த்தகியாகப் புகழ்பெற்ற காமாட்சி, அதாவது வீணை தனம்மாளின் பாட்டி, வேறொருவர்; பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

காவிரியும் வெண்ணாறும் பாயும் நஞ்சை நாட்டின் ஆட்சி 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே கும்பினியாரிடம் சென்றுவிட, சரபோஜிக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், அரண்மனைக்குரிய சொந்த நிலங்களுமே. 1832-இல் பட்டமெய்திய அவர் குமாரர் சிவாஜி, 1855 அக்டோபரில் ஆண் சந்ததியின்றிக் காலமானார். மகள் ஒருவருக்குப் பட்டம் வழங்கலாமென்று ரெசிடெண்ட் பார்ப்ஸ் பரிந்துரைத்தும், பெண்வழி வாரிசுக்குச் சாஸ்திரமோ வழக்கமோ இடந்தரவில்லை என்று கூறி, கும்பினி டைரக்டர்கள் சமஸ்தானம் முடிவுற்றதாகத் தீர்மானித்தனர்.

பட்டம் போயிற்று என்பதனோடு காரியம் நின்றிருந்தால் இவர் பெயர் வம்சாவளியில் ஒரு வரியாக அடங்கியிருக்கும். ஆனால் 1856 அக்டோபர் 18-ஆம் தேதி, பார்ப்ஸ் படையோடு அரண்மனைக்கு வந்து, நகை, பொக்கிஷம், சாமான்கள் இருந்த அறைகளுக்கு முத்திரையிட்டுப் பாராவும் நிறுத்தினார். ராஜ்யம் வேறு, குடும்பச் சொத்து வேறு என்பதே ராணியின் வாதம். இந்து தர்மசாஸ்திரப்படி பின்னதற்கு உரியவர்கள் விதவைகளேயன்றிக் கும்பினியார் அல்லர். கும்பினியின் பிற நாடு பிடிப்புக்களையும் வன்மையாகக் கண்டித்து எழுதிய சென்னை வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் இவர் பக்கம் நின்று வாதாடினார். சுப்ரீம் கோர்ட்டும் இவ்வாதத்தை ஏற்று, கும்பினியார் அச்சொத்தை உரியவர்களுக்காகப் பாதுகாக்கும் தர்மகர்த்தாக்களே என்று தீர்ப்பளித்தது.

வழக்கு லண்டன் சென்றபோது கும்பினியாட்சியே முடிந்திருந்ததால், அப்பீலில் ராணியை எதிர்த்து நின்றவர் இந்தியா மந்திரி. 1859 ஜூலை 27-இல் தீர்ப்புரைத்த கிங்ஸ்டவுன் பிரபு, கைப்பற்றல் ஓர் அரசு மற்றோர் அரசின்மீது புரிந்த செயலாதலால், அது நியாயமோ அநியாயமோ, அதனை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்றார். செயல் நேரியதென்று அவர் ஓரிடத்தும் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அரசுச் செயல் பற்றிய இக்கொள்கைக்கு ஆதாரமாக இத்தீர்ப்பைப் பிற்காலத்து வழக்கறிஞர்கள் இடைவிடாது எடுத்தாண்டனர். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்தபோது எழுந்த வழக்குகளிலும் அது பேசப்பட்டது.

சரபோஜிக்கு ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் உருவம் தஞ்சை அரண்மனையில் நிற்கிறது. கோஷாவில் வாழ்ந்த இவ்வம்மையாரையோ, சித்திரத்தைக் காட்டிலும் வழக்கேடுகளே நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன: கணக்கறிந்தவர், பாத்தியதையில் பிடிவாதமுள்ளவர், தோல்விக்குப் பின்னும் மனுச் செய்வதை விடாதவர்.

பயனும் ஓரளவு விளைந்தது. 1862 ஆகஸ்டு 21-ஆம் தேதி அரசாங்க உத்தரவு, சொத்தை ராணிமாருக்கே கருணைக் கொடையாகத் திருப்பித் தந்து, நிருவாகத்தைக் காமாட்சி பாயியிடம் ஒப்படைத்தது. உரிமையாகக் கேட்டது தானமாகவே வந்தது என்க. மற்ற ராணிமாரையும் தக்கவாறு அனுபவிக்கச் செய்வது அவர் கடமையென்றும், கடைசி விதவைக்குப் பின் மகளுக்கும், அவரில்லையேல் மன்னரின் அடுத்த வாரிசுகளுக்கும் அது சேருமென்றும் அவ்வுத்தரவு விதித்தது. ஆனால் முன்பு கும்பினியோடு வழக்காடியவரை இப்போது சக்களத்தியர் வழக்குக்கு இழுத்தனர். 1868-இல் ஜீஜாம்பா பாயி முதலியோரின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. இவர் காலத்திலேதான் தஞ்சை ஜில்லா ஜட்ஜாக இருந்த பர்னெல், அரண்மனைச் சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து 1880-இல் அட்டவணை வெளியிட்டார்.

மகள் முக்தாம்பா பாயி 1885-இல் மறைந்தார். காமாட்சி பாயி 1892-இல் காலமானார். கடைசி ராணியாகிய ஜீஜாம்பா பாயி 1912-இல் இறந்ததும், அடுத்த வாரிசு யார் என்ற வினா எழ, கோலாப்பூர் மகாராஜாவும் கட்சிக்காரராகச் சேர்ந்த தஞ்சை அரண்மனை எஸ்டேட் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் பல்லாண்டு நடந்தது.