அலையேறுவோர் முறைமை

அறுகம்குடாவிலே பலகைமீது நின்று அலையேறி வரும் இளைஞரை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அலை எழுந்ததும், அது முதலில் உடையும் இடத்துக்கு மிக அணித்தாக இருப்பவரே ஏறவேண்டும். மற்றையோர் ஒதுங்கி வழிவிடவேண்டும். இதை நிலைநாட்டக் கடலிலே காவலர் எவருமில்லை. இம்முறைமை எவ்வாறு தோன்றிற்று?

இவ்விளையாட்டைப் பேணி வளர்த்த ஹவாய்த் தீவுகளில், முற்காலத்தில் அலையும் குலம் பார்த்தது. 'ஓலோ' எனப்பட்ட நெடும்பலகை தலைவர்க்கே உரியது. பொதுமக்கள் சிறு பலகையோடு அமைந்தனர். 'கபு' என்னும் விலக்கு விதியின் ஆட்சி அத்தகையது. 1819இல் மன்னன் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு ஒருங்கிருந்து உணவுண்டு அவ்விதியைக் குலைத்தான். அச்சத்தால் நின்ற ஒழுங்கு அத்தோடு போயிற்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டியூக் கஹானமோகு முதலியோர் விளையாடிய வைக்கிக்கிக் கரையில், ஓரலையிலே பலர் ஒன்றாகக் கரைநோக்கி வருவதுண்டு. கனத்த மரப்பலகையை எளிதில் திருப்ப இயலாது. ஆதலால் ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிடுதல் குறைவு. பின்னர், 1950களில், அடியிலே செதில் பொருத்திய இலேசான பலகைகள் பரவின. அலையின் சுவர்நெடுகப் பக்கவாட்டில் விரைதல் எளிதாயிற்று. முன்னே ஒருவர் புகுந்தாற் பின்னால் வருபவரின் பாதை அடைபடும். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறோ 1970களிலேதான் வழக்கிற்கு வந்தது. அதற்குமுன், விழுந்தவரின் பலகை எவர் மண்டையைப் பிளக்குமென்று சொல்ல முடியாது. 'ஓரலைக்கு ஒருவர்' என்னும் முறை தேவையாற் பிறந்தது. பண்பு பிறகு வந்து சேர்ந்தது என்பதே என் கருத்து.

அப்பண்பு பெருஞ்சோதனைக்கு உள்ளானது 1976இல். முந்திய குளிர்காலத்தில் அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்க இளைஞர் ஓவாகுத் தீவின் வடகரைப் போட்டிகளில் வெற்றி குவித்தனர். அவர்களுள் ஒருவரான வேய்ன் பார்த்தலொமியு, கதவை உடைத்து உட்புகுவதாகத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அலையைப் பறித்திருந்தாற்கூட ஊரார் பொறுத்திருப்பரோ என்னவோ. விருந்துக்கு வந்தவர் வீட்டாரை இகழ்ந்ததாகவே அவர்கள் கொண்டனர். மறுமுறை வந்த பார்த்தலொமியு கடலிலேயே தாக்குண்டார். உயிருக்கஞ்சித் தோழரோடு ஒரு விடுதியில் ஒடுங்கியிருந்தார்.

வைமியா குடாவின் உயிர்காப்பாளரான எடி ஐகாவு அங்கே சென்றார். அவரும் ஹவாயியரே. ஊராரையும் வந்தவரையும் ஓர் அறையில் எதிரெதிரே இருத்தினார். ஊரார் தம் மனக்குறையைக் கொட்டித் தீர்த்தனர், இளைஞர் கேட்டிருந்தனர். முடிவில், அவர்கள் தங்கிப் போட்டிகளிற் கலந்துகொள்ளலாம் என்றாயிற்று.