மண்ணுக்கு நார் வந்த கதை

குழைத்த மண்ணில் வைக்கோலைத் தூவி, மிதிமிதியென்று மிதித்துச் சுவர் வைத்தால் காய்ந்தபின் பாளம் பாளமாக வெடிக்காது. மண்வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்த வைக்கோல் மண்ணுக்கு எவ்வளவு வலு தருகிறது என்று அளந்து பார்க்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

நாரின் வலுவை அப்படி அளந்தவர்களில் ஒருவரான, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிரே மரவேரை ஆராய்ந்தவர். மரங்களை வெட்டிய மலைச்சரிவு அன்றே விழுந்துவிடுவதில்லை. மண்ணுக்குள் வேர் மட்கி இற்றுப்போன சில ஆண்டுகளில் மழைக்குச் சரிகிறது. அப்படியானால் வேர் எவ்வளவு தாங்கிக்கொண்டிருந்தது?

அவரும் ஹருகாசு ஓஹாஷி என்ற ஆய்வாளரும், குறுக்கே இரண்டாகப் பிரியும் ஒரு பெட்டியில் உலர்ந்த மணலை நிரப்பினார்கள். வேருக்குப் பதிலாக நார்களை நட்டார்கள்: கூடை முடையும் நாணல், பிவிசி இழை, செம்புக் கம்பி, ஆப்பிரிக்கப் பனையின் நார். நம் பனைக்கு உறவான ஒரு நார் இந்தக் கதையில் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பெட்டியின் ஒரு பாதியைத் தள்ளும்போது மணல் வழுக்கப் பார்க்கிறது. வழுக்கும் இடத்தில் நார் சாய்ந்து, விறைத்து, மணலை இறுக்குகிறது. மேலே பாரம் குறைந்தால் நார் உருவிக்கொண்டு வந்துவிடும். பாரம் ஓர் அளவைத் தாண்டினால் பிடி விடாமல் நீளும். வழுக்கும் தளத்துக்கு 60 பாகை சாய்வில் நட்ட நார்தான் அதிகம் தாங்கியது. இந்த முடிவுகள் 1983இல் வெளிவந்தன.

சாலைக் கரையில் யார் நாரை ஒவ்வொன்றாக நடுவது? அதனால் அடுத்த ஆய்வுகள் நறுக்கிய நாரைத் தாறுமாறாகக் கலப்பதை நோக்கித் திரும்பின. அது நல்லதாகவே முடிந்தது. எல்லாத் திசையிலும் நார் கிடப்பதால் மண் பிளக்க எளிதான தளம் எதுவும் கிடைப்பதில்லை. வைக்கோல் மட்கும், பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நார் மட்காது. விரலளவு நீளம்கூட வேண்டாம். எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்து, ரோலர் ஓட்டிக் கெட்டித்தால் போதும். கெட்டித்த மண் பாரம் தாளாமல் சட்டென்று உடைவதற்குப் பதிலாக, விட்டுக்கொடுத்துக்கொண்டே தாங்குகிறது. நார் கூடிப்போனால் மட்டும் சிக்குண்டு பந்துபந்தாகத் திரளும்.

பிளாஸ்டிக் நாரின் மட்காத அந்தக் குணமே என்னை உறுத்தவும் செய்கிறது. புல் வேர்விடும் வரை மட்டும் தாங்க வேண்டிய கரைக்கு நம் தென்னை நாரே போதும். அது மெதுவாகத்தான் மட்கும்; அதற்குள் புல்லின் வேர் கீழே இறங்கியிருக்கும்.