துவக்குக் குழலைக் காத்த கயிறும் கோலும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றை ஆக்கியவனையும் ஏந்தியவனையும் பற்றி விரிவாக எழுதுவர். அவற்றைத் துடைத்துப் பேணியவனைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் கடந்த இரு நூற்றாண்டுக் காலத்துத் துவக்கின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். துவக்கின் குழல் சிறுத்துக்கொண்டே வந்தது. குழல் சிறுக்கச் சிறுக்க அதனைத் துப்புரவு செய்வது அரிதாயிற்று. எதனைக் கொண்டு துடைப்பது என்னும் எளிய வினாவுக்கு விடை காண்பதில் அரசுகள் தவறிய பொழுதெல்லாம் அதன் விலையைப் போர்வீரனே செலுத்தினான். ஒரு முறை ஒரு பேரரசே அதனால் ஆட்டங் கண்டது.

கருமருந்து என்பது வெடியுப்பு நூற்றுக்கு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் சேர்ந்த கலவை. அது எரியும்பொழுது முழுவதும் புகையாகிப் போய்விடுவதில்லை. நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மப் பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, எஞ்சியது குழலின் உட்சுவரிற் கரிய படையாக ஒட்டிக்கொள்ளும். உட்புறம் வழுவழுப்பான பழைய துவக்குகளில் குழலிலும் சிறிய குண்டையே இட்டமையால், சில வெடிகள் வரை இப்படை பெருந்தடையாகவில்லை. குழலினுட் புரி வெட்டிய றைபிள்களின் நிலை வேறு. குண்டு புரியைப் பற்றிச் சுழன்றாலன்றிக் குறி தப்பும். பற்றும்படி இறுக்கமாகச் செய்தாலோ, கரிபடிந்த குழலின் வாய்வழியே அதனை உள்ளே செலுத்த இயலாது. சில வெடிகள் தீர்ந்ததும் குண்டைச் சம்மட்டிகொண்டு அடித்து இறக்கவேண்டியிருந்தது. றைபிள் நீண்ட காலம் வேடுவர்க்கும் சிறு படைப் பிரிவுகளுக்குமே உரியதாய் இருந்தமைக்கு இதுவே முதற் காரணம்.

1849 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அதிகாரியான மினியே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். குழலிலும் சற்றே சிறியதாய், அடிப்புறம் குடைந்ததாய் ஒரு சன்னத்தை அவர் அமைத்தார். வாய்வழியே அது தடையின்றி இறங்கும். மருந்து வெடித்ததும் அதன் அடி விரிந்து புரியைப் பற்றும். இம்முறையைத் தழுவி இங்கிலாந்து 1853 ஆம் ஆண்டின் என்பீல்ட் றைபிளை ஆக்கியது. அதன் குழல் விட்டம் .577 அங்குலம். கரிப்படையை இளக்கவும் சன்னத்தை வழுக்கி இறக்கவும், தோட்டாவின் கடதாசியிற் சன்னம் உள்ள பகுதிக்குக் கொழுப்புப் பூசப்பட்டது. வீரன் தோட்டாவின் மறுமுனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுட் கொட்டி, பின் கொழுப்புப் பூசிய முனையை உள்ளே செலுத்த வேண்டும்.

அக்கொழுப்பு எவ்விலங்கினது என்ற கேள்வி 1857 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் எழுந்தது. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சுப் பரவியது. இந்துச் சிப்பாய்க்கு ஒன்றும் முஸ்லிம் சிப்பாய்க்கு மற்றதும் தீண்டத் தகாதவை. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் பூசிக்கொள்ளலாம், கடியாமற் கையாற் கிழிக்கலாம் என்று அதிகாரிகள் பின்னர் கூறிய சமாதானம் பயனளிக்கவில்லை. ஏப்பிரில் 24 ஆம் நாள் மீரத்தில் 90 குதிரைவீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கடூழியத் தண்டனை விதித்து, மே 9 ஆம் நாள் படையணியின் முன்னிலையில் விலங்கு பூட்டினர். மறுநாட் கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சிக்கு நிலவரியும் நாடு பறித்தலும் மதமாற்ற அச்சமும் ஆகிய ஆழ்ந்த காரணங்கள் பலவுண்டு. ஆயினும் அவற்றிற்குத் தீயிட்ட பொறி, கரிபடிந்த குழலை வழுக்கச் செய்யத் தடவிய கொழுப்பே. ஒரு கருவியைத் துப்புரவாக வைத்திருக்கும் முறையை வகுப்போர், அதனைக் கையாளும் மனிதனின் உள்ளத்தை எண்ணிப் பாராவிடின் நேர்வது யாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

கருமருந்துக் காலத்திற் குழலைத் துப்புரவு செய்வது அருவருப்பான வேலையாயினும் அறிவதற்கு எளிய வேலையாக இருந்தது. கரிப்படையின் உப்புகள் நீரிற் கரையும். ஆகவே வெந்நீரை ஊற்றிக் கழுவி, துணி சுற்றிய கோலால் ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் பூசினாற் போதும். வெந்நீரின் சூட்டினாலேயே குழல் விரைவில் உலர்ந்துவிடும். பூசுவதற்குப் பிரித்தானியப் படையினர் விரும்பியது பர்மாவின் நிலத்தடியில் ஊறிய கனிய எண்ணெய். அது ‘றங்கூன் எண்ணெய்’ என்றே பெயர்பெற்று, துவக்கு வைத்திருந்தோரிடமெல்லாம் வழங்கியது.

1884 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனவியலறிஞர் போல் வியேல் புகையில்லா மருந்தை ஆக்கினார். அதனைப் பயன்படுத்தி 1886 இல் வந்த லெபெல் றைபிளின் குழல் விட்டம் 8 மில்லிமீற்றர். அதற்கு முன்னைய பிரெஞ்சுத் துவக்கினது 11 மில்லிமீற்றர். இங்கிலாந்து 1888 இல் .303 அங்குல லீ மெற்போட் றைபிளை ஏற்றது. இத்துவக்குகளையே அக்காலத்தவர் சிறு குழல் துவக்குகள் என்றனர். மெற்போட் என்பவர் வகுத்த புரிகள் ஏழு, ஆழங் குறைந்தவை, மூலைகள் மழுங்கியவை. கருமருந்தின் கரி தங்காதிருக்கவும் துணியால் எளிதில் துடைக்கவுமே அவர் அவ்வாறு அமைத்தார். ஆயின் சில ஆண்டுகளுள் கோடைற்று என்னும் புகையில்லா மருந்து வழக்கில் வந்தது. அதன் வெம்மை அவ்வாழமற்ற புரிகளை விரைவில் தேய்த்துவிட்டது. 1895 இல் ஆழமான ஐந்து புரிகள் கொண்ட லீ என்பீல்ட் றைபிள் அதன் இடத்தைப் பிடித்தது.

இந்த .303 றைபிளோடு வந்தவையே இழுகயிறும் எண்ணெய்க் குப்பியும். துவக்கின் அடிக்கட்டையில் ஒரு சிறு பொந்து. பித்தளை மூடியைத் திறந்தால் இவ்விரண்டும் உள்ளே இருக்கும். கயிற்றின் ஒரு நுனியிற் பித்தளைக் குண்டு; மறுபுறத்தில் துணி கோக்கும் கண்ணிகள். குண்டைக் குழலின் அடிப்புறத்தால் இறக்கி வாய்ப்புறத்தால் இழுத்தெடுப்பர். துணி 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள மெல்லிய பிளனல் துண்டு. ‘நாலுக்கு இரண்டு’ என்ற அதன் அளவே பிரித்தானியப் படையில் அதன் பெயராக நிலைத்தது. இலங்கையிற் பொலிசாரும் பாடசாலைப் பயிற்சிப் படையினரும் கையாண்ட .303 துவக்குகளும் இம்முறையினாலேயே பேணப்பட்டன. பரிசோதனையின்போது வீரன் தன் பெருவிரல் நகத்தைக் குழலின் அடியில் வைத்து ஒளியை உள்ளே திருப்ப, அதிகாரி வாய்ப்புறத்தால் நோக்கிக் குற்றங் காண்பார்.

கயிறு மடியும், சிறு பொந்தினுள் அடங்கும், போர்க்களத்துக்கு ஏற்றது. ஆனால் அதற்கும் ஒரு குறையுண்டு. நேராக இழுக்காது சாய்த்து இழுத்தாற் கயிறு குழலின் வாய்விளிம்பில் உராயும். கயிற்றில் ஒட்டிய மணல் அரம்போல் அறுக்கும். நாளடைவில் வாய்விளிம்பில் ஒரு பள்ளம் விழும். சன்னம் குழலை விட்டு நீங்கும்பொழுது இறுதியாகத் தொடும் இடம் அதுவாகையால், அங்கு நேரும் சிறு தேய்வும் குறியைத் திருப்பிவிடும். கிணற்றுக் கட்டின் கல்லில் துலாக்கயிறும் வாளிக்கயிறும் தடம் பதித்திருப்பதைக் கண்ட நேயர்களுக்கு இது புதிதன்று.

புகையில்லா மருந்து கரியைக் குறைத்தது, கறளைக் குறைக்கவில்லை. இது அறிஞரையும் மயக்கிய புதிராயிற்று. நன்கு துடைத்து எண்ணெய் பூசி வைத்த குழல், சில நாட்களில் உள்ளே வியர்த்துக் கறள் பிடித்தது. எஃகின் நுண்துளைகளுட் புகுந்த வாயு பின்னர் கசிகிறது என்று பலரும் கருதி, நாட்கணக்காக மீண்டும் மீண்டும் துடைத்தனர். 1922 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர் வில்பேட் ஹவ் இப்புதிரை அவிழ்த்தார். குற்றவாளி மருந்தன்று, தோட்டாவின் அடியிலிருந்து தீயெழுப்பும் சிறு கேப்பு. அதிலுள்ள பொற்றாசியங் குளோரேற்று எரிந்து பொற்றாசியங் குளோரைட்டாகக் குழலிற் படிகிறது. அது சமையல் உப்பின் இனத்தது. மாரிக்காலத்தில் உப்புப் பானை கசிவது போல் அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கிறது. உப்பு நீரிற் கரையும், எண்ணெயிற் கரையாது. எண்ணெயை எத்தனை முறை பூசினும் அதன் கீழே உப்புத் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். கருமருந்தை விட்டதும் தேவையற்றதெனப் பலர் கருதிய வெந்நீரே உரிய மருந்தாயிற்று. .303 துவக்குக்கெனப் புனல் வைத்து வெந்நீர் ஊற்றிய பழைய படைவீரன் காரணம் அறியாமலே சரியானதைச் செய்திருந்தான்.

இக்கறளினால் மிகவும் கெட்டவை .22 அங்குலத் துவக்குகள். 5.6 மில்லிமீற்றர் மட்டுமே விட்டமுள்ள இக்குழல்கள், தென்னாபிரிக்கப் போரின் பின் இங்கிலாந்திற் பெருகிய குறிசுடுங் கழகங்களின் கருவி. போவர் குடியானவரின் குறித்திறன் பேரரசின் படைகளை 1899 ஆம் ஆண்டின் இறுதியில் திகைக்க வைத்தது. அவர்களுட் சிறைப்பட்ட பல்லாயிரவர் நமது தியத்தலாவையில் அடைக்கப்பட்டிருந்தமை பலரும் அறிந்ததே. அப்பாடத்தைக் கற்ற இங்கிலாந்து, குறைந்த செலவிற் பொதுமக்களைப் பழக்குதற்குச் சிறு தோட்டாவைத் தேர்ந்தது. அத்தோட்டாவில் மருந்து சிறிது. கேப்பின் கலவையோ அதனோடு ஒப்பிடுகையிற் பெரிது. கருமருந்தின் மிகுந்த கரி உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. புகையில்லா மருந்தின் பின் உப்பு நேரே இரும்பிற் படிந்தது. புதிய குழல்கள் சிறிது காலத்திலேயே பாழாயின. உப்பை விளைக்காத கேப்புகள் 1920 களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த பின்னரே இவ்வின்னல் தீர்ந்தது.

அதன் பின் எழுந்தது நேர்மாறான சிக்கல். கறளில்லாத ஈயச் சன்னக் குழல் சுடுவதனால் எளிதில் தேயாது. அதனைக் கெடுப்பது துடைப்பவனின் கையே. குறுகிய குழலுக்கு ஒல்லியான கோல் வேண்டும். ஒல்லியான கோல் வளையும். வளைந்தாற் புரியின் முகட்டில் உராயும். ஆகவே தேர்ந்த குறிகாரர் சில விதிகளை வகுத்தனர். திருகிப் பொருத்தும் துண்டுக் கோலிலும் ஒரே நீளக் கோல் சிறந்தது. பொருத்துவாயின் விளிம்பு குழலைச் சுரண்டும். உருக்குக் கோலாயின் அதன்மேல் மெல்லிய உறை வேண்டும். முன்னாளில் செலுலோயிட்டு உறையிட்டனர், பின்னாளில் பிளாத்திக்கு உறை வந்தது. தூரிகையின் மயிர் குழலினும் மென்மையான வெண்கலமாக இருத்தல் வேண்டும். கோலின் தலை, துணியோடு சேர்ந்து தானே சுழன்று புரியைப் பின்தொடர வேண்டும். இயன்றவிடத்துக் கோலை அடிப்புறத்தாலேயே செலுத்த வேண்டும். வாய்ப்புறத்தால் அன்றி வழியில்லையெனின் விளிம்பைக் காக்க ஒரு வளையம் இடவேண்டும். ஒவ்வொரு முறையும் கோலைத் துடைத்த பின்னரே மீண்டும் செலுத்த வேண்டும். இவையனைத்தின் உட்பொருள் ஒன்றே: அழுக்கினும் வலியதாயும் குழலினும் மெலியதாயும் உள்ளதே நல்ல கருவி.

இவ்வளவு கற்ற பின்னும் மறதி நேர்ந்தது. 1960 களில் அமெரிக்கா வியத்நாமுக்கு அனுப்பிய எம் 16 துவக்கின் குழல் 5.56 மில்லிமீற்றர். அதற்குத் துப்புரவு பெரிதும் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. இடையிலே தோட்டாவின் மருந்தும் மாற்றப்பட்டது; புதிய மருந்து கூடுதலான அழுக்கை விட்டது. குரோமியம் பூசாத தோட்டா அறை வெப்பமண்டல ஈரத்தில் அரிக்கப்பட்டது. வெடித்த தோட்டாக்கூடு அறையிற் சிக்கிக்கொள்ள, வீரர் பகைவரின் முன்னிலையில் ஒரு கோலை வாய்வழியே இட்டுக் குத்தித் தள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கோலும் ஒவ்வொருவரிடமும் இருக்கவில்லை. கழற்றிய துவக்கின் அருகே தோழர் மடிந்து கிடந்ததை வீரர் எழுதிய கடிதங்கள் நாட்டை உலுக்கின. 1967 இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று விசாரித்துப் படைத்துறையைக் கண்டித்தது. அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. கோலும் தூரிகையும் வழங்கப்பட்டன. வில் ஐஸ்னர் என்னும் ஓவியர், துவக்கைப் பேணும் முறையைப் படக்கதையாக வரைந்தார். பின்னர் வந்த துவக்குகளின் அடிக்கட்டையிற் கருவிகளை வைப்பதற்கு ஒரு பொந்தும் அமைக்கப்பட்டது. பிரித்தானியச் சிப்பாயின் துவக்கில் முக்கால் நூற்றாண்டுக்கு முன் இருந்த அதே பொந்து அது.

குரோமியப் பூச்சின் நன்மையும் அக்காலத்தில் அறியப்படாததன்று. ஈரமிக்க நாடுகளிற் போரிட நேர்ந்த யப்பானியர் தமது 99 ஆம் வகைத் துவக்கின் குழலுக்கு 1939 அளவிலேயே அதனைப் பூசினர். அறிவு உலகில் இருந்தது. தேவைப்பட்ட வேளையில் தேவைப்பட்டவனின் கையில் இருக்கவில்லை.

கொழுப்புத் தடவிய தோட்டாவுக்கும் கோல் கிடையாத எம் 16 துவக்குக்கும் இடையே நூற்றுப்பத்து ஆண்டுகள். இரு வேளையிலும் முடிவு செய்தவர் தொலைவில் இருந்தனர். அம்முடிவின் பயனை நுகர்ந்தவன் களத்தில் இருந்தான். ஒரு முழக் கயிறும் ஒரு துண்டுத் துணியும் கணக்கேட்டில் மிகச் சிறிய செலவு. அச்சிறு செலவை அற்பமென எண்ணாத படைத்தலைவனே தன் வீரனின் உயிரை மதித்தவன் எனலாம்.