நீக்கியவர் யார், காரணம் என்ன? இணையக் குழுக்களும் தன்னார்வ நிர்வாகிகளும்

ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழா, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் என யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று எதற்கும் ஒரு முகநூல் குழுவோ வட்ஸ்அப் குழுவோ உண்டு. வல்வெட்டித்துறையில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் அதில் ஒன்றாகப் பேசுகிறார்கள். இந்தக் குழுக்களை நடத்துபவர்களுக்குச் சம்பளம் இல்லை. எந்தப் பதிவை விடுவது, எதை நீக்குவது, யாரை வெளியேற்றுவது என்பதை அவர்கள் தமது வேலை முடிந்த பின் இரவில் கைபேசியோடு இருந்து தீர்மானிக்கிறார்கள்.

அந்தத் தீர்மானங்கள் சிறியவை அல்ல. 2009 இல் வன்னியில் எடுக்கப்பட்ட ஒரு படம், தேடப்படும் ஒருவரைக் கடைசியாகக் கண்டதாகச் சொல்லும் இரண்டு வரி ஆகியன ஒரு குடும்பத்துக்கு வேறெங்கும் கிடைக்காத தகவலாக இருக்கலாம். அதேவேளை, பொய்யான ஒரு தகவல் அதே குடும்பத்தை மீண்டும் உடைத்துவிடும். ஆகவே சிலவற்றை நீக்கத்தான் வேண்டும். அதை நியாயமாகச் செய்வது எப்படி? இலங்கைக்குள்ளும் இலங்கை பற்றியும் இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன.

போர்க்கால விக்கிப்பீடியா

2006 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை பற்றிய கட்டுரைகளும் சண்டைக்களமாகின. ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தார். அழித்ததை முதலாமவர் மீளப் போட்டார். இருபக்கமும் எழுதியவர்கள் தன்னார்வலர்களே. இந்த நிலையில் தமிழர், சிங்களவர், இரு தரப்பையும் சாராத பிறநாட்டவர் ஆகியோர் சேர்ந்து 'இலங்கை நல்லிணக்கம்' என்ற பெயரில் ஒரு திட்டத்தையும், தகராறுகளைத் தீர்க்க ஓர் உடன்பாட்டையும் உருவாக்கினர்.

அந்த உடன்பாட்டின் சாரம் எளிமையானது. உங்கள் திருத்தத்தை ஒருவர் மாற்றிவிட்டால், அதைத் திரும்பவும் மாற்றாமல் பேச்சுப் பக்கத்தில் காரணத்தோடு பேச வேண்டும். எழுதியவரைப் பற்றிப் பேசாமல் எழுதப்பட்டதைப் பற்றிப் பேச வேண்டும். அரசு சார்ந்ததோ புலிகள் சார்ந்ததோ, ஒரு தரப்பின் செய்தித்தளத்தைப் பயன்படுத்தினால் அது யாருடைய கூற்று என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

2007 இல் இந்தத் தகராறு விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வரை சென்றது. யுத்தம் தொடர்பான கட்டுரைகளில் ஒருவரைத் தண்டிக்கும் அதிகாரம், அந்தத் தகராறில் சம்பந்தப்படாத நிர்வாகிகளுக்கே உரியது என்றும், முதலில் எச்சரிக்கை கொடுக்கப்பட வேண்டும் என்றும் அக்குழு தீர்மானித்தது.

இதனால் யுத்தம் பற்றி இரு பக்கமும் ஒரே கருத்துக்கு வந்துவிடவில்லை. ஆனால் எவர், எதை, எப்போது, ஏன் மாற்றினார் என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய வரலாறாக அங்கே இருக்கிறது. தோற்றவரும் தான் எப்படித் தோற்றார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இணக்கசபையின் பாடம்

எங்கள் ஊர்களில் இணக்கசபை என்று சொல்லப்படும் மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றின் மத்தியஸ்தர்களும் தொண்டர்களே. ஒரு பிணக்கு வரும்போது இரு தரப்பும் சபையிலிருந்து தலா ஒருவரைத் தெரிவுசெய்யலாம். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். வேலிச் சண்டை, கடன் தகராறு போன்றவற்றுக்குப் பொருந்தும் இந்த ஏற்பாடு ஒரு முகநூல் குழுவுக்கும் பொருந்தும். தீர்ப்பில் உடன்பாடு இல்லாதவர்கூட, தீர்ப்பவரைத் தெரிவதில் தனக்கும் பங்கிருந்தது என்று உணர்வார்.

2018 இல் அமெரிக்காவில் மனித உரிமை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் வெளியிட்ட சாந்தா கிளாராக் கொள்கைகள் பெரு நிறுவனங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்டன: எத்தனை பதிவுகளை நீக்கினீர்கள் என்ற கணக்கு, நீக்கியதற்கான காரண அறிவித்தல், மேன்முறையீட்டுக்கு வழி. சிறிய குழுவாலும் இவற்றைச் செய்ய முடியும்.

பயமும் ஒரு காரணம்

இங்கே பல பதிவுகள் நீக்கப்படுவதற்குக் காரணம் பயம். சமூக ஊடகப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர்கள் கைதான சம்பவங்கள் உண்டு. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஊரிலிருந்து குழுவை நடத்துபவருக்குள்ள ஆபத்து, இலண்டனிலிருந்து பதிவிடுபவருக்கு இல்லை. பயந்து நீக்குவது குற்றமல்ல. ஆனால், 'இங்குள்ளவர்களின் பாதுகாப்புக்காக நீக்கினோம்' என்ற ஒரு வரியைப் பதிவிட்டவருக்குத் தனியாகவாவது அனுப்ப வேண்டும். காரணம் சொல்லாதபோது அந்த இடத்தை வதந்தி நிரப்புகிறது. 'அவர் அந்தப் பக்கத்து ஆள்' என்ற பேச்சு அப்படித்தான் தொடங்குகிறது.

குழுக்கள் செய்யக்கூடியவை

1. விதிகளைத் தமிழில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, குழுவின் முகப்பில் வைக்க வேண்டும். எழுதாத விதிக்காக எவரையும் வெளியேற்றக் கூடாது.

2. நீக்கும்போது எந்த விதி மீறப்பட்டது என்று சொல்ல வேண்டும். வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை நிர்வாகி நீக்கினால் நீக்கியவரின் பெயர் மற்றவர்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. அதை நிர்வாகிதான் எழுத வேண்டும்.

3. தன்னோடு சண்டை பிடித்தவரின் பதிவை அந்த நிர்வாகியே நீக்கக் கூடாது. குறைந்தது 3 நிர்வாகிகள் இருந்தால் இது சாத்தியம். ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது ஊரில் வாழ்பவராகவும் இருப்பது நல்லது.

4. எச்சரிக்கை, தற்காலிகத் தடை, வெளியேற்றம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒருவரின் உயிருக்கோ மானத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு.

5. சாட்சியமாகக்கூடிய படத்தையோ காணொளியையோ மறைக்கலாம், பிரதி எடுக்காமல் அழிக்கக் கூடாது. 2017 இல் யூரியூப் தன் தன்னியக்கக் கண்காணிப்பை இறுக்கியபோது, சிரியப் போரைப் பதிவுசெய்த காணொளிகள் பெருந்தொகையாக மறைந்தன. பிரதி வைத்திருப்பது ஆபத்தென்றால், பதிவிட்டவரிடமே சொல்லிப் பத்திரப்படுத்தச் செய்யலாம்.

6. நிர்வாகிகளை ஆண்டுக்கொருமுறை தெரிவுசெய்ய வேண்டும். சனசமூக நிலையத்துக்கு யாப்பும் பொதுக்கூட்டமும் இருக்கும்போது, அதைவிடப் பல மடங்கு அங்கத்தவர்கள் உள்ள குழுவுக்கு ஏன் இருக்கக் கூடாது?

நிர்வாகிக்கும் நியாயம்

சடலங்களின் படங்களையும் வசைச் சொற்களையும் முதலில் பார்ப்பவர் நிர்வாகிதான். 2020 இல், இந்த வேலையால் உளப் பாதிப்புக்குள்ளான அமெரிக்கக் கண்காணிப்பாளர்களுக்கு 52 மில்லியன் டொலர் வழங்க பேஸ்புக் இணங்கியது. அவர்கள் சம்பளம் வாங்கியவர்கள். எங்கள் நிர்வாகிகளில் பலர் அந்த யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள்; படத்தில் இருப்பவர் அவர்களின் உறவினராகவும் இருக்கலாம். ஆகவே முறை வைத்து மாறி மாறிப் பார்ப்பதும், முடியாதவர் காரணம் சொல்லாமலே விலகி நிற்க இடம் கொடுப்பதும் அவசியம். அங்கத்தவர்களும் ஒரு நீக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது, நீக்கியவரின் குடும்பத்தை இழுக்காமல் அந்தத் தீர்மானத்தைப் பற்றி மட்டும் கேட்கலாம்.

எங்கள் பிள்ளைகள் எங்கே, யார் கொண்டுபோனது, ஏன் பதில் இல்லை என்று பல ஆண்டுகளாக வீதியில் இருந்து கேட்கும் தாய்மார் உள்ள சமூகம் இது. பொறுப்புக்கூறலை மற்றவர்களிடம் கேட்கும் நாங்கள், எங்கள் கையிலுள்ள சிறிய அதிகாரத்துக்கும் அதே அளவுகோலை வைப்பது நல்லது. ஒரு பதிவை நீக்கினால் பெயரையும் காரணத்தையும் சொல்வதில் அதைத் தொடங்கலாம்.